உழவாரம் ஏந்திய திருக்கரம்

சிவாலயங்களின் திருச்சுற்றில் அடியார் திருவுருவங்களை வணங்கி வலம் வருங்கால், சமயகுரவர் நால்வரையும் அடையாளங் கண்டுகொள்வது எளிது. குழந்தை வடிவில் தாளத்துடனோ பொற்கிண்ணத்துடனோ நிற்பவர் திருஞானசம்பந்தர். அணிகள் பூண்ட இளைஞராய்த் தோன்றுபவர் சுந்தரர். ஏட்டுச்சுவடி ஏந்தியவர் மணிவாசகர். குவித்த கரமும் கனிந்த முகமுமாய், நீண்ட காம்புடைய ஒரு கருவியைத் தோளிற் சார்த்திக்கொண்டு நிற்பவரே திருநாவுக்கரசர். நாவுக்கு அரசர் என்று இறைவனாலேயே பெயர் சூட்டப் பெற்றவர் அவர். 4, 5, 6-ஆம் திருமுறைகளாக இன்று நமக்குக் கிடைத்துள்ள 312 பதிகங்கள் அவர் அருளியவை. அத்துணைப் பெரிய புலவர் கையில் ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை. புல் செதுக்கும் உழவாரமே இருக்கிறது. அவரை எவ்வாறு நினைத்தல் வேண்டும் என்பதைப் பண்டைச் சிற்பிகள் நம்மினும் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

நாமோ அவரைப் பாடலாசிரியராகவே பெரிதும் போற்றுகிறோம். அவருடைய பதிகங்களைப் பண்ணோடு ஓதுகிறோம். குருபூசை நாளில் அவர் பெருமையைப் பேசுகிறோம். பேசி முடித்து மண்டபத்தை விட்டு இறங்கினால் திருச்சுற்றில் நெருஞ்சி முள் காலில் தைக்கிறது. திருப்பணி நிறைவெய்திக் குடமுழுக்கு நிகழும் இந்நன்னாளில், அப்பெருமானுடைய வாழ்க்கையை அவர் தோளிலிருந்த கருவியின் பக்கமாக நின்று ஒருமுறை நோக்குவது தகும் என்று எண்ணுகிறேன்.

பெண்ணையும் கெடிலமும் பாய்ந்து வளஞ்செய்யும் நாடு திருமுனைப்பாடி நாடு. அந்நாட்டில், இன்றைய பண்ணுருட்டிக்கு அண்மையில் உள்ள திருவாமூரிலே, வேளாண் குலத்தில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகளாய்த் திலகவதியாரும், அவர்க்குச் சில ஆண்டுகள் பிற்பட்டு மருணீக்கியாரும் தோன்றினர். காலம் கி.பி. 7-ஆம் நூற்றாண்டு. வரலாற்றை நமக்கு விரித்துரைப்பவர் 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சேக்கிழார் பெருமான்.

திலகவதியார்க்குப் பன்னிரண்டு வயது நிரம்பியபோது, பல்லவ வேந்தன்பால் படைத்தலைவராயிருந்த கலிப்பகையார்க்கு அவரை மணம் பேசினர். மணம் நிகழுமுன் கலிப்பகையார் வடபுலத்துப் போருக்குச் சென்றார். அவர் சென்ற பின்னர்ப் புகழனார் நோயுற்று மறைந்தார். மாதினியாரும் கணவனாரைத் தொடர்ந்து உயிர் நீத்தார். துயர் ஆறுமுன்னரே, கலிப்பகையார் போர்க்களத்திற் பட்டார் என்ற செய்தியும் வந்தது. பேசிய அளவிலேயே தம்மை அவர்க்கு உரியவராகக் கருதிய திலகவதியார் தாமும் உயிர் விடத் துணிந்தார். இளம்பிராயத் தம்பி தமக்கையாரின் அடியில் வீழ்ந்து, தாமும் உடன் வந்துவிடுவதாகக் கூறிக் கதறினார். அத்தம்பிக்காகவே அவ்வம்மையார் உயிர் தாங்கினார். திருநாவுக்கரசர் என்று ஒருவர் நமக்குக் கிடைத்தது அன்று அந்த வீட்டில் ஒரு சிறுபெண் எடுத்த முடிவினால் என்பதை மறத்தலாகாது.

வளர்ந்த மருணீக்கியார் செல்வத்தின் நிலையாமையை எண்ணி அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தர்களும் அமைத்தார், சோலைகள் வளர்த்தார், குளங்கள் தொட்டார். பின்னர், மெய்ப்பொருள் எதுவென ஆராய்ந்து சமண நெறியிற் புகுந்தார். இன்று திருப்பாதிரிப்புலியூர் என வழங்கும் பாடலிபுத்திரத்தில் அன்று புகழ்பெற்ற சமணப் பள்ளி இருந்தது. கி.பி. 458-இல் சருவநந்தி என்னும் முனிவர் உலகவிபாகம் என்னும் நூலை முடித்தது அவ்வூரிலேதான் என்பர். கல்வியிற் சிறந்த அப்பள்ளியிற் பயின்று, அங்குள்ளார் அனைவர்க்கும் மேலாகத் தருமசேனர் என்ற பட்டமும் பெற்றார் மருணீக்கியார்.

இங்கே ஒன்று குறிப்பிடத் தோன்றுகிறது. சமண முனிவர்தம் கையில் எப்போதும் இருப்பது மயிற்பீலி. அமரும் இடத்தையும் படுக்கும் இடத்தையும் அதனால் மெல்லத் தடவி, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் நசுங்காவண்ணம் ஒதுக்கிய பின்னரே அமர்வர். ஆதலின் தரையைத் துடைத்தல் என்னும் செயல் தருமசேனர்க்குப் புதிதன்று. பல்லாண்டு நாள்தோறும் செய்து பழகியதே. ஓரறிவுயிர்க்கும் தீங்கு எண்ணாத அந்த ஒழுக்கத்தைக் குறைத்துப் பேசுதல் நமக்கு அழகன்று. ஆயினும் அங்கே துடைக்கப்பட்டது ஒருவர் அமரும் அளவுள்ள இடமே. ஊரார் எல்லாரும் வந்து நடக்கும் முற்றம் ஒன்று அவர்க்காகத் திருவதிகையிலே காத்திருந்தது.

தம்பி புறச்சமயம் புகுந்ததை எண்ணி வருந்திய திலகவதியார், கெடிலக்கரையில் உள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து அங்கே ஒரு மடத்தில் தங்கினார். நாள்தோறும் புலர்வதற்கு முன் எழுந்து, திருவலகினால் கோயில் முற்றத்தைப் பெருக்குவார். ஆன்சாணம் கரைத்து மெழுகுவார். மலர் பறித்து மாலை தொடுத்துச் சாத்துவார். இவ்வளவே அவர் செய்த தவம். யாகமில்லை, நெடிய விரதங்களும் கூறப்படவில்லை.

மெழுகுதல் என்பது இன்று பலர்க்கு வெறும் சொல்லாய்விட்டது. மண்தரையைப் பெருக்கினால் மட்டும் போதாது. பெருக்கிய சிறிது நேரத்தில் நடப்பவர் காலடியில் மீண்டும் புழுதி கிளம்பும். வெயிலில் தரை வெடிக்கும். வெடிப்புகளில் எறும்பும் பூச்சியும் குடியேறும். சாணத்தை நீரிற் கரைத்துக் கையால் ஒரே சீராக வளைத்துப் பூசினால், அதிலுள்ள நுண்ணிய நார்கள் மண்ணைப் பிணைக்கும். மயிரிழை வெடிப்புகள் அடைபடும். உலர்ந்தபின் புழுதி அடங்கும். அந்த மெழுக்கும் சில நாளே தாங்கும். ஆதலின் இடைவிடாது செய்தாக வேண்டும். ஒருநாள் செய்து புகழ் பெறும் பணியன்று இது. ஒருநாள் விட்டால் மட்டுமே பிறர் கண்ணிற் படும் பணி.

திலகவதியாரின் வேண்டுதலுக்கு இரங்கிய இறைவன் தருமசேனரைச் சூலைநோயால் ஆட்கொள்ளத் திருவுளங் கொண்டான். குடரை முறுக்கும் அந்நோயைச் சமணர்தம் மந்திரமும் மருந்தும் தீர்க்கவில்லை. தமக்கையாரை அழைத்துவரச் சமையற்காரன் ஒருவனை அனுப்பினார். தாம் அப்பள்ளிக்கு வருவதற்கில்லை என்று மறுத்துவிட்டார் அம்மையார். அன்புக்கு உரிய தம்பி வேதனையில் துடிக்கும்போது அவ்வாறு சொல்வதற்கு எத்துணை உரம் வேண்டும்! வேறு வழியின்றி, பாயையும் உறியிற் தொங்கிய குண்டிகையையும் பீலியையும் அங்கேயே விட்டு, வெண்ணிற ஆடை உடுத்து, இரவோடிரவாகத் திருவதிகை வந்து தமக்கையாரின் மடத்து வாயிலில் வீழ்ந்தார் தருமசேனர்.

அம்மையார் தம்பியை வாரியெடுத்துத் திருநீறு அளித்தார். பின்னர் நிகழ்ந்ததைச் சேக்கிழார் கூறும் முறையை நான் பல முறை எண்ணி வியந்ததுண்டு. தம்பி வந்துவிட்டார் என்பதற்காகத் திலகவதியார் அன்றைப் பணியை நிறுத்தவில்லை. திருப்பள்ளியெழுச்சி வேளையில் வழக்கம்போலத் திருவலகும் சாணமும் நீர்க்குடமும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். தம்பியையும் உடனழைத்துச் சென்றார். பெரும்பள்ளியின் தலைவராயிருந்தவர், வயிற்றைப் பிசையும் நோயோடு, துடைப்பம் ஏந்திய ஒரு பெண்ணின் பின்னே இருளில் நடந்து வீரட்டானேசுவரர் திருமுன் சேர்ந்தார். அங்கே பிறந்தது அவருடைய முதற் பதிகம். நோய் நீங்கியது, நாவுக்கரசு என்னும் பெயரும் வாய்த்தது.

அன்று தொட்டு மனத்தால் நினைத்தும் வாக்கால் பாடியும் மெய்யால் உழைத்தும் வழிபடுவதைத் தம் வாழ்வாகக் கொண்டார் திருநாவுக்கரசர். மெய்த்தொண்டுக்கு அவர் தேர்ந்தெடுத்த கருவி உழவாரம். நீண்ட காம்பின் நுனியில் தட்டையான இரும்பலகு பொருத்திய எளிய கருவி அது. மண்வெட்டி போல ஆழமாகத் தோண்டாது. தரையோடு தரையாகச் சென்று புல்லையும் முள்ளையும் செதுக்கி எடுக்கும். அலகு சற்றே சாய்ந்தால் தரை குழியும். நிமிர்ந்தால் புல்லின் வேர் தங்கிவிடும். கை பழகியவர்க்கே அது இணங்கும்.

கோயிலைக் காப்பதற்குப் புல் செதுக்குவது அத்துணை இன்றியமையாததா என்று இக்காலத்தார் கேட்கக்கூடும். கருங்கல்லால் ஆகிய பெருங்கோயில்களையே பார்த்துப் பழகியவர்கள் நாம். திருநாவுக்கரசர் காலத்துக் கோயில்கள் அவ்வாறு இருக்கவில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் கொண்டு எழுப்பப்பட்டவையே அன்று பெரும்பாலன. அவர் காலத்து மன்னனாக ஆராய்ச்சியாளர் கருதும் முதலாம் மகேந்திரவர்மன், விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய இவை இன்றியே மும்மூர்த்திகளுக்கும் இதனை ஆக்கினேன் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டிற் பெருமையோடு பொறித்தும் வைத்தான். அவை இன்றி ஆக்கியது வியப்பென்றால், அவற்றைக் கொண்டு ஆக்குவதே அன்றைய வழக்கம் என்பது தெளிவு.

செங்கற் கோயிலின் பகைவன் படையெடுத்து வரும் அரசன் மட்டுமல்லன். காக்கையும் குருவியும் கூடத்தான். ஆலம்பழமும் அரசம்பழமும் தின்ற பறவை விமானத்தின் மேல் அமர்ந்து எச்சமிடும். எச்சத்தோடு விழுந்த விதை, சாந்து உதிர்ந்த ஓர் இடுக்கில் மழைத்துளி பட்டு முளைக்கும். இரண்டு இலையாய் நிற்கும்போது இரு விரல்களால் கிள்ளி வேரோடு எடுத்துவிடலாம். ஓராண்டு விட்டால் வேர் நூல்போல உள்ளே ஓடிச் சாந்தைத் துளைக்கும். சில ஆண்டுகள் விட்டால் அவ்வேர் பருத்துச் செங்கற்களை நெம்பித் தள்ளும். அவ்வழியே மழைநீர் கருவறைக்குள் இறங்கும். பின்னர் மேலே வெட்டினாலும் உள்ளிருக்கும் வேர் மீண்டும் தழைக்கும். வேரை எடுப்பதென்றால் கட்டடத்தைப் பிரிக்க வேண்டும்.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்களூர்ச் சிவாலயத்து விமானத்தின் மேல் ஓர் அரசங்கன்று நின்றது. அதன் தளிர் காற்றில் ஆடுவது அழகாகவே இருந்தது. கோயில் மரம் என்று கையெடுத்துக் கும்பிட்டவரும் உண்டு. பிற்காலத்தில் திருப்பணிக்கென்று சாரம் கட்டி ஏறியபோது, விமானத்தின் ஒரு பக்கச் சுதையுருவங்கள் அனைத்தையும் அதன் வேர்களே தாங்கிக்கொண்டிருந்தன. தொடக்கத்தில் ஒரு சிறுவனை ஏற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலைக்கு, அப்பொழுது ஊரே கூடி நிதி திரட்ட நேர்ந்தது. அப்பர் பெருமான் தலந்தோறும் சென்று செய்த தொண்டின் பொருள் எனக்கு விளங்கியது அந்தச் சாரத்தின் மேல் நின்றபோதுதான்.

இனி, பல்லவ மன்னன் அவரைத் துன்புறுத்திய வரலாறு அனைவரும் அறிந்தது. நீற்றறையில் ஏழு நாள் அடைத்ததும், நஞ்சு கலந்த பாற்சோறு ஊட்டியதும், மதயானையை ஏவியதும், கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்ததும் அன்பர்கள் பலகாற் கேட்டவையே. நீற்றறை என்பது சுண்ணாம்புக் காளவாய். கல்லும் கிளிஞ்சலும் வெந்து நீறாகும் இடம். கோயிற் சுவர்களைக் காக்கும் சாந்தும் வெள்ளையும் பிறக்கும் அவ்வறையிலே, கோயிற் சுவர்களைக் காக்கவிருந்த தொண்டரும் ஏழு நாள் தங்கிக் குளிர்ந்த மனத்தோடு வெளிவந்தார்.

கல்லே தெப்பமாய் மிதந்து அவர் கரையேறிய பின்னர் மன்னன் மனந்திரும்பினான். குணபரன் என்னும் பெயருடைய அவ்வரசன் வேற்று நெறியினின்று மீண்டு இலிங்க வழிபாட்டை மேற்கொண்ட செய்தி திருச்சிராப்பள்ளி மலைக்குகைக் கல்வெட்டிலும் குறிப்பாகக் காணப்படுகிறது. அவன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அப்பொருள்களைக் கொண்டுவந்து திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் என்று புராணம் கூறும். இடித்தது அரசன் செயல். அரசர்கள் எச்சமயத்தாராயினும் இடித்தும் எடுத்துமே தம் பக்தியைக் காட்டி வந்திருக்கின்றனர். திருநாவுக்கரசர் கையிலிருந்த இரும்பு எக்கட்டடத்தின் மேலும் பாய்ந்ததாக வரலாறு இல்லை. அது தொட்டது புல்லையும் முள்ளையுமே.

அதன்பின் அவர் வாழ்வு முழுவதும் நடையிலேயே கழிந்தது. பெண்ணாகடத்தில் தம் தோளில் சூலமும் இடபமும் பொறிக்கப் பெற்றார். தில்லை சென்றார். சீகாழியில் ஞானசம்பந்தப் பிள்ளையார் எதிர்கொண்டு அப்பரே என்று அழைத்த அந்தச் சொல்லே பெயராய் நிலைத்தது. திங்களூரில், தம்மைக் கண்ணாற் காணாமலே தம் பெயரால் தண்ணீர்ப் பந்தரும் அறச்சாலையும் அமைத்து, மக்களுக்கும் அப்பெயரே சூட்டியிருந்த அப்பூதியடிகளின் இல்லத்தில் தங்கினார். அங்கே பாம்பு தீண்டி இறந்த பிள்ளை அவர் பதிகத்தால் உயிர் பெற்றெழுந்தான். திருமறைக்காட்டில் வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுச் சென்ற திருக்கதவு, அன்றுவரை வேறு வாயில் வழியாகவே மக்களை உட்புகச் செய்திருந்த அக்கதவு, அவர் பாடத் திறந்தது.

இங்கே அன்பர்கள் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். கதவு பதிகத்தால் திறந்தது. இறந்த பிள்ளை பதிகத்தால் எழுந்தான். கல்லும் பதிகத்தால் மிதந்தது. இத்தனையும் பாட்டினாலே செய்யவல்லவர், திருமுற்றத்துப் புல் தானே அகலவேண்டுமென்று ஒரு பதிகமும் பாடியதாகப் புராணத்தில் எங்கும் இல்லை. புல்லுக்கு மட்டும் அவர் குனிந்தார். ஒவ்வொரு தலத்திலும், முதுமை வந்து மெய் தளர்ந்த காலத்திலும், தம் கையாலேயே செதுக்கினார். பிறருடைய இடருக்கு இறைவனை வேண்டியவர், தம் உழைப்புக்குப் பதிலாக எதையும் வேண்டவில்லை.

அத்தொண்டின் நுட்பங்களில் அவர்க்கிருந்த தேர்ச்சி அவருடைய பாடல்களிலும் புலப்படும். திருநேரிசை ஒன்றில் அவர் தொண்டுகளின் பயனைக் கணக்கிடுகிறார். பெருக்கித் தூய்மை செய்தவர் பெறும் இன்பத்தினும் மெழுகினவர் பெறுவது பத்து மடங்கு என்பது அக்கணக்கு. ஏட்டறிவு மட்டும் உடையவர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணியிருப்பர். துடைப்பம் நின்றுகொண்டே செய்யத்தக்கது. மெழுக்கு முழந்தாளிட்டுத் தரையெல்லாம் தவழ்ந்து செய்வது. இடுப்பு வலியை அறிந்தவரே இவ்வேறுபாட்டை அறிவர். திருவதிகையில் தமக்கையார் சாணம் கரைத்த அந்த வைகறை அவர் உள்ளத்தை விட்டு ஒருபோதும் அகலவில்லை என்று நான் கருதுகிறேன்.

திருவீழிமிழலையில் நிகழ்ந்ததை இதனோடு வைத்து எண்ணலாம். சம்பந்தரும் அப்பரும் அத்தலத்தில் தங்கியிருந்தபோது மழை பொய்த்துக் கொடிய பஞ்சம் நேர்ந்தது. அடியார்கள் வாடுவது கண்டு இருவரும் உள்ளம் நொந்தனர். இறைவன் கனவில் தோன்றி, பஞ்சம் தீருமளவும் நாள்தோறும் கோயிலின் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் ஒவ்வொரு பொற்காசு வைப்பதாக அருளினான். அவ்வாறே காசு கிடைத்தது. இருவர் மடங்களிலும் அடியார்க்கு அமுது நடந்தது.

ஆயினும், அப்பர் மடத்தில் உரிய வேளையில் பந்தி முடிந்துவிடும். சம்பந்தர் மடத்திலோ நாள்தோறும் காலம் தாழ்ந்தது. பிள்ளையார் வியந்து, காரணம் யாதென்று தம் மடத்தாரை வினவினார். அவர்கள் கடைத்தெருவின் நிலையை எடுத்துரைத்தனர். அப்பர் மடத்துக் காசை வணிகர்கள் கண்டவுடனே ஏற்றுக்கொள்கின்றனர். நம் காசுக்கோ வாசி கேட்கின்றனர். அந்த வட்டத்தைக் கழித்துப் பேசி முடித்துப் பண்டம் வாங்கி வருவதற்குள் பொழுது போய்விடுகிறது என்றனர். அப்பர் மெய்வருந்திக் கைத்தொண்டு செய்பவர். ஆதலின் அவர்க்குக் கிடைப்பது வாசியில்லாத காசு என்று அதன் காரணமும் புராணத்திற் கூறப்படுகிறது. பிள்ளையார் சினக்கவில்லை, பொறாமை கொள்ளவுமில்லை. தமக்கும் வாசி தீர்ந்த காசு நல்கவேண்டுமென்று இறைவனை வேண்டிப் பாடினார், பெற்றார்.

உமையம்மையின் ஞானப்பால் உண்ட பிள்ளையின் காசுக்கு வட்டம் உண்டு. வியர்வை சிந்திய முதியவரின் காசுக்கு வட்டம் இல்லை. இதனைச் சேக்கிழார் சிறிதும் தயங்காது எழுதிவைத்திருக்கிறார். சோழப் பேரரசின் அமைச்சராயிருந்து, ஏவல் செய்வோரையும் ஏவப்படுவோரையும் நன்கு கண்டவர் அவர். கோயிலில் அலகிடுபவரைக் கடைசிப் பந்தியில் அமர்த்தும் நம் வழக்கத்திற்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதிய விடை என்பேன்.

பிற்பகுதி வாழ்க்கையை விரைந்து கூறலாம். பழையாறை வடதளியில் மறைக்கப்பட்டிருந்த சிவலிங்கத்தைக் காணாமல் அமுது செய்வதில்லை என்று உண்ணாதிருந்தார். அரசன் அறிந்து அதனை வெளிப்படுத்தினான். கயிலையைக் காணவேண்டி வடக்கு நோக்கி நடந்தார். கால் தேய்ந்தபின் கையால் ஊர்ந்தார். கை தேய்ந்தபின் மார்பால் நகர்ந்தார். மார்பும் சிதைந்தபின் புரண்டார். பிறர் பாதம் நோவாதிருக்க ஆயிரம் முற்றங்களை முள்நீக்கிக் கொடுத்தவர்க்கு, அந்த வழியில் ஒருவரும் முள் நீக்கி வைக்கவில்லை. இறைவன் அவரைத் தடுத்து, அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றுத் திருக்குளத்தில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சி நல்கினான். பின்னர்த் திருப்பூந்துருத்தியில் மடம் அமைத்து வாழ்ந்தார். அங்கே வந்த சம்பந்தர், அப்பர் எங்குற்றார் என்று சிவிகையிலிருந்தபடியே வினவ, அச்சிவிகையைத் தாங்குவோருள் ஒருவராய் நின்று, இங்குற்றேன் என்றார். உழவாரம் தாங்கிய தோள் சிவிகையையும் தாங்கியது. பிள்ளையார் பதறிக் கீழே குதித்து வணங்கினார்.

அவர் தூய்மை செய்த செங்கற் கோயில்கள் பல, மூன்று நூற்றாண்டுகள் கழித்து, கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார் முதலியோர் முயற்சியால் கற்றளிகளாக மாறின. இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிலில் நாவுக்கரசருடைய செப்புத் திருமேனியும் எழுந்தருளுவிக்கப்பட்டது. அதனைக் கல்வெட்டு கூறுகிறது. கல்லான பின்னர்க் கவலை தீர்ந்தது என்று நாம் இருந்துவிட்டோம். கல்லுக்கும் பகை உண்டு. விளக்கெண்ணெயும் புகையும் கலந்து தூண்களில் கருமையாய் இறுகும். தூம்பு அடைபட்டால் தளத்தில் நீர் தேங்கிக் கசியும். இணைப்புகளில் அதே அரசும் ஆலும் முளைக்கும். பல ஆண்டுகள் வாளாவிருந்துவிட்டு, அழுக்கை ஒரே நாளில் நீக்க விரும்பி, மணலைக் காற்றின் வேகத்தால் வீசிக் கல்லைத் தேய்க்கும் முறையை அண்மைப் பதிற்றாண்டுகளிற் சில இடங்களிற் கையாண்டனர். அழுக்கோடு கல்லின் மேற்றோலும் போயிற்று. அரசர்கள் வெட்டுவித்த எழுத்துகளும் மழுங்கின. இதமான வெந்நீரும் நார்த்துடைப்பமும் பொறுமையுள்ள நான்கு கைகளும் செய்யவேண்டியதை எந்திரத்திடம் ஒப்படைத்ததன் பயன் அது. ஞாயிறுதோறும் கூடி, ஊர் ஊராகச் சென்று உழவாரப்பணி செய்யும் அன்பர் குழாங்கள் இன்று பல ஊர்களில் இருக்கின்றன. அவர்கள் கையில் துடைப்பமும் கூடையும் காணும்போது மனம் குளிர்கிறது.

முதுமையில் அப்பர் பெருமான் திருப்புகலூரை அடைந்து அங்கேயே தங்கினார். அகழிபோல நீர் சூழ்ந்த திருக்கோயில் அது. நாள்தோறும் பதிகம் பாடுவதும் திருமுற்றத்தில் உழவாரம் இடுவதுமாக இருந்தார். அவருடைய பற்றற்ற நிலையை உலகறியச் செய்ய விரும்பிய இறைவன், அவர் உழவாரம் செல்லும் இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடந்து ஒளிவிடுமாறு செய்தான்.

செதுக்கிக்கொண்டு வந்தவர் அவற்றைக் கண்டார். பருக்கைக் கற்களும் அங்கே கிடந்தன. பொன்னும் மணியும் கிடந்தன. நடப்பவர் காலை உறுத்துவதில் இரண்டிற்கும் வேறுபாடு இல்லை. கல்லை வாரியெடுக்கும் அதே உழவாரத்தால் பொன்னையும் மணியையும் சேர்த்து வாரியெடுத்து, அருகிருந்த தாமரைப் பொய்கையில் எறிந்தார். வானத்து அரம்பையர் வந்து ஆடியும் பாடியும் அவரைச் சூழ்ந்தனர். அவர் நிமிர்ந்து நோக்கவில்லை. செதுக்கவேண்டிய இடம் இன்னும் எஞ்சியிருந்தது.

சில நாள் கழித்து, சித்திரைத் திங்கள் சதய நாளில், தம் 81-ஆம் அகவையில், புகலூர்ப் பெருமான் திருவடிக்கீழ்ப் புகுந்தார் என்பது சைவ மரபு. ஆண்டுதோறும் அந்நாளில் திருப்புகலூரில் பெருவிழா நிகழ்கிறது. அவர் திருவுருவம் வீதி உலா வரும்போதும் தோளில் உழவாரம் சார்த்தியே எழுந்தருளுவிக்கின்றனர்.